கொச்சித் துறைமுகத்தை உருவாக்கிய ராபர்ட் பிரிஸ்டோ



நம் பத்திரிகையில் மறைந்த பெரியவர்களின் வாழ்க்கையை அவ்வப்போது எழுதி வருகிறோம். இம்முறை நான் எழுதப் போகிறவர் நம்மவரும் அல்ல, நம் நாட்டவரும் அல்ல. லண்டனில் பிறந்த ஆங்கிலேயர். ஆனால் மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்கு, சிறுவயதில் தாத்தா வாயால் ராமாயணத்துக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்ட கதை இவருடையதுதான். சிவில் என்ஜினீயராக முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, இவரிடமிருந்து நான் கற்றிருக்க வேண்டிய பாடம் ஒன்றைக் கற்கத் தவறியதை ஒப்புக்கொள்ளவும் இந்தக் கட்டுரையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

சர் ராபர்ட் பிரிஸ்டோ 1880-ல் பிறந்தார். துறைமுக என்ஜினீயராகப் பயிற்சி பெற்று, பிரிட்டிஷ் கடற்படைக்காக போர்ட்ஸ்மவுத்திலும் மத்தியதரைக்கடலில் உள்ள மால்ட்டா தீவிலும் வேலை பார்த்தார். 1920-ம் வருஷம் ஏப்ரல் மாதம் கொச்சிக்கு வந்து இறங்கியபோது அவருக்கு வயது 39. அவரை அனுப்பி வைத்தவர் அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த லார்ட் வெலிங்டன். வந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: கொச்சியின் வாயை அடைத்துக்கொண்டிருந்த மணல் திட்டை வெட்ட முடியுமா, முடியாதா என்று சொல்ல வேண்டும்.

வாயை அடைத்த மணல்

கொச்சிக்குத் துறைமுகத்தைத் தந்ததே ஒரு வெள்ளம்தான். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சியின் கழிமுகத்தை அகலத் திறந்துவிட்டது என்பது வரலாறு. அதிலிருந்து அரபிகள், சீனர்கள், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் இங்கே வந்து மிளகும் இஞ்சியும் வாங்கிப் போனார்கள். உள்ளே வேம்பநாட்டுக் காயலில் எந்தப் புயலுக்கும் அசையாத ஆழமான நீர் இருந்தது. ஆனால் பெரிய கப்பல் எதுவும் உள்ளே வர முடியாது. ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் கடல் அலை தள்ளும் மணலும் எதிர்ப்பட்டுப் படியும் இடத்தில், கழிமுகத்துக்கு வெளியே குறுக்காக ஒரு திட்டு கிடந்தது. மணல் என்றுதான் பெயர்; காலங்காலமாக இறுகிப் பாறை மாதிரி இருந்தது. அதன்மேல் எட்டு ஒன்பது அடி தண்ணீருக்கு மேல் வேண்டிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் வள்ளங்களில் மட்டாஞ்சேரி பஜார் சாலைக் கிடங்குகளுக்கும், கிடங்குகளிலிருந்து கப்பலுக்கும் போய் வரும். இடவப்பாதி பிறந்து கடல் கொந்தளித்தால் அதுவும் நின்றுவிடும்.

என் தாத்தா அப்படி ஒரு கிடங்கில் கணக்கெழுதி வந்தார். ஆடி மாதம் முழுவதும் கணக்குப் புத்தகத்தில் எழுத ஒன்றும் இருக்காதாம். சம்பளமும் பாதிதான். வள்ளக்காரர்களுக்கு அதுவும் இல்லை.

மணல் திட்டை வெட்டும் யோசனை பிரிஸ்டோவுக்கு முன்பே பலருக்கு வந்ததுதான். பார்த்த நிபுணர்களில் பலர் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குக் காரணங்களும் வைத்திருந்தார்கள். வெட்டிய பள்ளம் ஒரே மழைக்காலத்தில் தூர்ந்துபோகும் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய பயம், அந்தத் திட்டுதான் அலைகளை வெளியிலேயே உடைத்து வைப்பீன் தீவின் கரையைக் காக்கிறது, அதை எடுத்துவிட்டால் கடல் நேராக வந்து கரையைத் தின்னும் என்பது.

வெட்டுவதற்கு முன் கேட்ட கேள்வி

இந்த இடத்தில் என் தொழில் சம்பந்தமாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற துறைகளில் உள்ள அங்கத்தினர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பூமியில் எங்கே பள்ளம் தோண்டினாலும் அதற்கு இரண்டு பக்கச் சரிவுகள் உண்டு. தோண்டுகிறவர் கவனமெல்லாம் பள்ளத்தின் அடியில் இருக்கும். ஆனால் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் பக்கங்கள்தான். ஒவ்வொரு மண்ணுக்கும் பாறைக்கும் தானாக நிற்கக்கூடிய சரிவு என்று ஒன்று உண்டு. உலர்ந்த மணலைக் குவித்தால் ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது. அலையில் ஆடும் மணல் இன்னும் படுத்துக்கொள்ளும். ஷேல் என்கிற களிப்பாறை இதற்கு நேர்மாறாக ஏமாற்றும். வெட்டும் அன்று சுவர் மாதிரி நிற்கும். மேலிருந்த பாரம் நீங்கியதால் மெல்ல உப்பி, காற்றும் மழையும் பட்டு அடுக்கடுக்காக உதிர்ந்து, சில மாதமோ சில வருஷமோ கழித்து, யாரும் எதிர்பார்க்காத நாளில் மொத்தமாக இறங்கிவிடும்.

பிரிஸ்டோ கொச்சிக்கு வருவதற்குச் சில வருஷங்கள் முன்புதான் உலகம் முழுவதும் இந்தப் பாடத்தைப் பார்த்திருந்தது. பனாமா கால்வாய்க்காக குலேப்ரா என்ற மலையை வெட்டினார்கள். அங்கே இருந்தது பெரும்பாலும் இந்தக் களிப்பாறைதான். 1907-ல் ஒரு பெரிய சரிவு. அதற்குப் பிறகு அள்ள அள்ள மண் இறங்கிக்கொண்டே இருந்தது. மேலே 670 அடி அகலம் போதும் என்று போட்ட திட்டம் கடைசியில் 1,800 அடி வரை போயிற்று. 1914-ல் கால்வாயைத் திறந்தார்கள். 1915 செப்டம்பரில் மலை மறுபடி சரிந்து, ஏழு மாதம் கால்வாயையே மூடும்படி ஆயிற்று. வெட்டியது மனிதன்; எவ்வளவு வெட்ட வேண்டும் என்று முடிவு செய்தது மலை.

கொச்சியில் பாறை மலை இல்லை, கடலுக்கடியில் மணல். ஆனால் கேள்வி அதேதான். பிரிஸ்டோ வந்தவுடன் மண்வாரிக் கப்பலுக்கு ஆர்டர் போடவில்லை. நீரோட்டம், ஏற்ற இறக்கம், மழைக்கால அலை, மணல் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையெல்லாம் ஆராய்ந்தார். ஆலப்புழைக் கரையில் மழைக்காலத்தில் தோன்றும் சாகரை என்னும் சேற்றுத் திட்டுகளையும் விடவில்லை. கடல் முழுவதும் கொந்தளிக்கும்போது அந்தச் சேற்றின் மேல் மட்டும் தண்ணீர் எண்ணெய் விட்டாற்போல் அமைதியாக இருக்கும். மீனவர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த அந்த விஷயத்தை அவர் வருஷக்கணக்கில் தொகுத்து, 1938-ல் சேற்றுத் திட்டுகளின் வரலாறாக இரண்டு பாகங்களில் வெளியிட்டார்.

திட்டை வெட்ட முடியும் என்று அவர் முடிவுக்கு வந்தார். ஆனால் முதல் வேலை வெட்டுவது அல்ல, வைப்பீன் கரையைக் காப்பது என்றும் சொன்னார். பெரிய கருங்கற்களைக் கொண்டு கரைக்கு ஏறக்குறைய இணையாக, ஒன்றின் முனையை மற்றொன்று மூடும்படி தடுப்புகள் போட்டார். அலை உடைந்து, அவற்றுக்கு இடையே மணலும் சேறும் தானாகவே படிந்து கரை வளரும்படியான ஏற்பாடு அது. அடுத்து, மொத்த வேலையையும் கட்டங்களாகப் பிரித்தார். முதலில் ஆராய்ச்சி, பிறகு சோதனைக்காக ஒரு வெட்டு, அந்த வெட்டு மழைக்காலத்தைத் தாங்குகிறதா என்று பார்த்த பின்புதான் முழு வேலை. இப்போது நினைத்தால் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் மூன்று அரசாங்கங்கள் பணம் போடும் வேலையில் ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து பார்ப்போம் என்று சொல்லத் துணிவு வேண்டும்.

மூன்று அரசாங்கங்கள் என்றது உண்மைதான். கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் கொச்சி மகாராஜாவுடையவை. சரக்கில் பெரும்பகுதி வருவதோ திருவிதாங்கூரிலிருந்து. பிரிஸ்டோ வந்த சமயத்தில் கொச்சி திவானாக இருந்தவர் தமிழ்நாட்டவரான ஸ்ரீ டி. விஜயராகவாச்சாரியார். பின்னால் 1935 முதல் 1941 வரை திவானாக இருந்து துறைமுக வளர்ச்சியில் மிகுந்த சிரத்தை எடுத்துக்கொண்டவர் கோயம்புத்தூர் ஸ்ரீ ஆர்.கே. சண்முகம் செட்டியார், சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி அவர்தான். யார் எவ்வளவு செலவு செய்வது, சுங்க வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்ற பேச்சு வார்த்தைகளுக்கே பிரிஸ்டோவின் பல வருஷங்கள் செலவாயின.

பத்மா வந்த நாள்

1926-ல் லார்ட் வெலிங்டன் என்று கவர்னர் பெயரையே சூட்டிய மண்வாரிக் கப்பல் கொச்சிக்கு வந்து சேர்ந்தது. நாளுக்கு இருபது மணி நேரம் வேலை செய்ததாகச் சொல்வார்கள். கடலுக்குள் மூன்றரை மைல் நீளத்துக்கு 450 அடி அகலமான பாதை வெட்டப்பட்டது. உள்ளே காயலில் தோண்டிய மண்ணை வீணாக்கவில்லை. அதைக் குழாய்கள் வழியாகத் தள்ளி, வெண்டுருத்திக்குப் பக்கத்தில் காயலின் நடுவே கொட்டி, சுமார் 780 ஏக்கர் புது நிலத்தை உண்டாக்கினார். அதுதான் இன்றைய வெலிங்டன் தீவு. அதன் மேற்கே மட்டாஞ்சேரிக் கால்வாய், கிழக்கே எர்ணாகுளம் கால்வாய். கப்பலுக்குப் பாதையும் ஆயிற்று, கப்பலில் வந்த சரக்கை இறக்க இடமும் ஆயிற்று.

1928-ம் வருஷம் மே மாதம் 26-ம் தேதி, இடவப்பாதி மழைக்குச் சில நாட்களே இருக்கும்போது, பத்மா என்ற நீராவிக் கப்பல் வெளிக்கடலில் நிற்காமல் நேராக உள்ளே வந்தது. தாத்தா கிடங்கைப் பூட்டிவிட்டு, காலில் செருப்புக்கூட இல்லாமல் கல்வத்திவரை ஓடினாராம். கரை முழுவதும் ஜனங்கள். அந்தக் கூட்டத்தில் வள்ளக்காரர்கள் மட்டும் ஒன்றும் பேசாமல் நின்றதை அவர் ஒவ்வொரு தடவையும் மறக்காமல் சொல்வார். கப்பல் உள்ளே வந்தால் வள்ளத்துக்கு என்ன வேலை என்று அவர்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. சில வருஷங்களில் மட்டாஞ்சேரிக் கிடங்குகளின் செல்வாக்கும் தீவின் பக்கம் நகர்ந்தது. தாத்தாவுக்கு மட்டும் ஆடி மாதமும் முழுச் சம்பளம் கிடைத்தது. நல்லதும் கெட்டதும் ஒரே கப்பலில் வந்தன என்பது அவருடைய அபிப்ராயம்.

1936-ல் இந்திய அரசாங்கம் கொச்சியைப் பெரிய துறைமுகமாக அறிவித்தது. தீவை வெண்டுருத்திப் பாலம் ஒரு பக்கமும், தோப்பும்படிக்குப் போகும் மட்டாஞ்சேரிப் பாலம் மறு பக்கமும் நிலத்தோடு இணைத்தன. கப்பல் போக நடுவில் தூக்கித் திறக்கும்படி கட்டிய அந்தப் பழைய பாலத்தின் மேல்தான் நான் பள்ளிக்கூட நாட்களில் சைக்கிள் ஓட்டினேன்.

பிரிஸ்டோவின் குணத்தைக் காட்ட இன்னொரு சமாசாரமும் உண்டு. அக்காலத்தில் வெள்ளைக்காரர் கிளப்புகளில் இந்தியர் நுழைய முடியாது. அது அவருக்கும் அவர் மனைவி கெர்ட்ரூடுக்கும் பிடிக்கவில்லை. 1931-ல் எர்ணாகுளத்தில் லோட்டஸ் கிளப்பை ஆரம்பித்தார்கள். இந்தியர், ஆங்கிலேயர், ஆண், பெண் என்ற பேதமில்லாமல் எல்லோரும் அங்கத்தினர் ஆகலாம். அந்த கிளப் இன்றும் இருக்கிறது.

1941-ல், இருபத்தோரு வருஷ உழைப்புக்குப் பின், அவர் கொச்சியை விட்டு ஊர் திரும்பினார். 1959-ல் தம் கொச்சி வாழ்க்கையைப் பற்றி ‘கொச்சின் சாகா’ என்ற புத்தகத்தை எழுதினார். 1966-ல் இங்கிலாந்தில் காலமானார்.

என் கணக்கில் எழுத வேண்டியது

என் தகப்பனார் அந்தப் புத்தகத்தை வாங்கி வைத்திருந்தார். நான் என்ஜினீயரிங் முடித்து வேலைக்குப் போகும்போது படிக்கச் சொல்லிப் பெட்டியில் வைத்தும் கொடுத்தார். படிக்கவில்லை. துறைமுகம் கட்டுகிறவருக்கும் கட்டடம் கட்டுகிற எனக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

1979-ல் மலபார் பக்கம் ஒரு குன்றைச் செதுக்கிக் கட்டடத்துக்கு இடம் சமன்படுத்திக்கொண்டிருந்தோம். மேலே பத்துப் பன்னிரண்டு அடிக்கு வெட்டுக்கல். கத்தியால் வெட்டினாற்போல் செங்குத்தாக நின்றது. அதற்குக் கீழே வெளுத்த, வழவழப்பான களிமண். கேரளத்தில் குன்று வெட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அமைப்பு இது. வெட்டுக்கல்லில் ஊசித் துளைகள் நிறைய. மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கிக் களிமண்ணில் தங்கும். களிமண் இளகினால் மேலே உள்ள கல் எத்தனை கெட்டியாக இருந்தும் பிரயோஜனமில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், வெட்டின் விளிம்பிலிருந்து நான்கடி உள்ளே தள்ளி, தரையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசலைப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த வெடிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படிகளாக வெட்டிச் சரிவைக் குறைத்தால் பத்து நாள் போகும். மழைக்கு முன் அஸ்திவாரம் முடிய வேண்டும் என்று அவசரம். சரி என்று கையெழுத்துப் போட்டேன். முதல் பெருமழைக்கு மறுநாள் காலை, அந்த விரிசல் இருந்த இடத்தோடு மொத்தச் சுவரும் இறங்கியது. இரண்டு பேர் புதைந்தார்கள். ஒருவரை உயிரோடு எடுத்தோம். மற்றவரை எடுக்கும்போது உயிர் இல்லை. இருபத்திரண்டு வயதுப் பையன். விசாரணையில் என்மேல் குற்றம் எதுவும் சொல்லவில்லை. மழையைக் காரணமாக எழுதினார்கள். மழை வரும் என்று எனக்குத் தெரியாதா?

அந்த வருஷம் மட்டாஞ்சேரிக்கு வந்தபோதுதான் அப்பாவின் புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பெரிய துறைமுகத்தைக் கட்ட வந்தவர் ஒரு மழைக்காலத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். எனக்குப் பத்து நாள் காத்திருக்க மனம் வரவில்லை. வெட்டுக்கு முன்பே கரையைக் காக்க அவர் கல் போட்டார். நான் விரிசலைப் பார்த்த பிறகும் போடவில்லை. அதற்குப் பிறகு நான் பார்த்த ஒவ்வொரு வேலையிலும், வெட்டின் மேல் விளிம்பைக் காலையும் மாலையும் நடந்து பார்க்காமல் யாரையும் கீழே இறங்க விட்டதில்லை. அந்தப் பையனுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை என்பதும் தெரியும்.

இன்றைக்கு

பிரிஸ்டோவின் வேலை குறையற்றது என்று நான் சொல்லவில்லை. அவர் வெட்டிய பாதையில் ஒவ்வொரு மழைக்காலமும் வண்டல் படிகிறது. இன்றுவரை வருஷந்தோறும் தூர் வாரித்தான் கப்பல் வருகிறது. தெற்கே கோட்டைக் கொச்சிக் கடற்கரை மெலிந்துபோனதற்கும் செல்லானத்தில் கடல் வீட்டுக்குள் வருவதற்கும் அந்தப் பாதையும் ஒரு காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. செல்லானத்தில் இப்போது டெட்ராபாட் என்னும் நான்கு கால் கான்கிரீட் கட்டிகளை அடுக்கிக் கடலைத் தடுத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் வெட்டினால் இன்னோரிடத்தில் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்கை முன்கூட்டிப் பார்க்க முயன்றார் என்பதுதான் அவருடைய பெருமை.

மும்பை, மங்களூர் அங்கத்தினர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம். கொங்கண் ரயில் பாதையில் 2003 ஜூன் மாதம் வைபவ்வாடி அருகே வெட்டுச் சரிவிலிருந்து விழுந்த பாறைகளில் ரயில் மோதி ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பின் அந்தப் பாதையில் சரிவுகளைக் குறைத்தும், வலை போட்டும், மழைக்காலத்தில் ரயில் வேகத்தைக் குறைத்தும், ரோந்து வைத்தும் பார்த்துக்கொள்கிறார்கள். 2024 ஜூலையில் கர்நாடகத்தில் ஷிரூர் என்ற இடத்தில் தேசிய நெடுஞ்சாலை ஓரத்து மலை இறங்கியதையும் பார்த்தோம்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வயநாட்டிலோ மனை வாங்கி வீடு கட்ட நினைக்கும் நம் அங்கத்தினர்கள் இப்போது நிறைய. அவர்களுக்கு இந்தக் கிழவனின் வேண்டுகோள் மூன்று. குன்றை வெட்டுவதற்கு முன் மேலே இருப்பது என்ன, அதற்குக் கீழே இருப்பது என்ன என்று தோண்டிப் பார்த்துக் கேளுங்கள். மழைத் தண்ணீர் எங்கே இறங்கி எங்கே வெளியே வரும் என்று கேளுங்கள். மேல் விளிம்பில் வடிகாலும், தடுப்புச் சுவரில் தண்ணீர் கசிய ஓட்டைகளும் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் வெட்டுவதால் மேல் வீட்டுக்காரருக்கும் கீழ் வீட்டுக்காரருக்கும் என்ன ஆகும் என்று கேளுங்கள். விளிம்பில் மயிரிழை விரிசலைக் கண்டால் அன்றைக்கே வேலையை நிறுத்துங்கள். பத்து நாள் தாமதத்தால் யாரும் கெட்டுப்போனதில்லை.

கொச்சிக்கு வருகிறவர்கள் யூதர் தெருவையும் சீன வலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த தடவை எர்ணாகுளத்திலிருந்து வைப்பீனுக்கோ கோட்டைக் கொச்சிக்கோ படகில் ஏறுங்கள். கழிமுகத்தில் ஒரு கப்பல் நுழைவதைப் பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். அந்தக் கப்பலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இரண்டு மணல் சரிவுகளுக்கு நடுவே, தொண்ணூறு வருஷங்களுக்கு மேலாக ஒரு பாதை நிற்கிறது. அதை வெட்டியவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். நான் கூடவே இன்னொருவரையும் நினைத்துக்கொள்வேன்.